சாம்பல் விழும் பக்கம்

உஷிநே
1985 ஏப்ரல் 8

சயோகோவுக்கு,

பார்சல் அனுப்பியிருக்கிறேன். கானாங்கெளுத்தியும் கொஞ்சம் கணவாயும். எல்லாம் எரிமலைச் சாம்பலில் உலர்த்தியவை. உப்பு போடவில்லை, அப்படியே சுட்டால் போதும். உன் அக்கா வீட்டு அடுப்பு பெரிதாக எரியும் என்று நினைவு. தீயைக் குறைத்துச் சுடவும்.

இங்கே இன்னும் சாம்பல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. லக்கோட்டாப் பழப் பிஞ்சுகளுக்குச் சாம்பல் படாமல் காகிதப் பை கட்டி முடித்துவிட்டார்கள். இந்த ஆண்டு பக்கத்து வீட்டு மியாவாகி அண்ணனுக்கு உதவிக்குப் போனேன். மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பை தொங்குகிறது. நம் அயூமி பார்த்தால் சிரித்திருப்பாள்.

ஜனவரியில் அவளுக்கு மூச்சு முட்டியபோது, காற்று திரும்பும் வரை நகரத்தில் உன் அக்கா வீட்டில் இருங்கள் என்று நான்தான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். குளிர்காலம் முழுக்க மலை சாம்பலை எங்கள் பக்கம்தான் கொட்டும். மே கடைசியில் காற்று திரும்பும். அதன் பிறகு விரிகுடாவைத் தாண்டி உங்கள் நகரத்தின் மேல் விழும். அப்போது வந்துவிடுங்கள்.

போன தடவை தொலைபேசியில் பேசியது சரியாக இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிட முடியாது.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மீன் உலர்த்தும் கொட்டகைத் தகரத்தின் மேல் சாம்பல் விழும்போது ஒரு சத்தம் வருகிறது. நீங்கள் இருந்தபோது அதைக் கேட்டதில்லை.

இன்று காற்று: எங்கள் பக்கம்.

தெட்சுரோ


ககோஷிமா
1985 ஏப்ரல் 16

தெட்சுரோவுக்கு,

பார்சல் வந்தது. நன்றி. அயூமி நன்றாக இருக்கிறாள். மூச்சில் அந்த விசில் சத்தம் இல்லை. மாடி அறையில் படுக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் விரிகுடாவுக்கு அப்பால் மலை நேர் எதிரே தெரிகிறது. புகை நம் வீட்டுப் பக்கம் சாய்ந்து போகிறது. அயூமிக்கு அது ஒப்பவில்லை. "அம்மா, மலை ஏன் முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது?" என்கிறாள். அவளைப் பொறுத்தவரை மலைக்கு முகம் என்பது உஷிநேயிலிருந்து பார்ப்பதுதான்.

மீனைச் சுட்டபோது ஹிசாகோ அக்கா துருவித் துருவிப் பார்த்தாள்.

"ஏண்டி, இது நெசமாவே சாம்பல்லயா கெடந்துச்சு? ஒரு பொட்டு கூட ஒட்டலையே!"

"சாம்பல் மீன் மேல படவே படாதுக்கா. மேல துணி, கீழ துணி, நடுவுல மீன். துணிக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டே தண்ணிய இழுத்துக்கும்."

"தொடாமலேயா?"

"தொடாமலேயேதான்."

"அப்ப உங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு" என்றார் அத்தான். அக்கா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

பக்கத்திலுள்ள கிளை நூலகத்தில் ஒரு ஆள் விடுப்பில் போயிருக்கிறார். அவர் வரும் வரை எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாலும் அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அது எனக்குப் பழகிய விஷயம்தானே.

காற்று திரும்பியதும் எழுதுங்கள்.

சயோகோ


உஷிநே
1985 ஜூன் 2

சயோகோவுக்கு,

காற்று திரும்பிவிட்டது.

துணியை வெளியே காயப் போடுகிறார்கள். மியாவாகி அண்ணன் வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்திவிட்டு, அது மினுங்குவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். லக்கோட்டா பழுத்துவிட்டது. ஒரு கூடை எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் ரொம்ப நாள் தாங்காது.

அயூமியின் அறையைப் பெருக்கி, படுக்கையை வெயிலில் போட்டு எடுத்தேன். கொட்டகையில் வேலை நன்றாகப் போகிறது. நல்ல வெயில் என்பதால் சாம்பல் ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது. ஊருக்குள் ஒரு விடுதியில் என் மீனைக் கேட்கிறார்கள்.

எந்தப் படகில் வருகிறீர்கள் என்று சொன்னால் பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறேன். நாளைக்கே என்றாலும் சரி.

இன்று காற்று: உங்கள் பக்கம்.

தெட்சுரோ


ககோஷிமா
1985 ஜூன் 19

தெட்சுரோவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நூலகத்தில் ஜூலையில் புத்தகங்களைச் சரிபார்ப்பார்கள். அதற்கு முன் கிளம்புவது நன்றாக இருக்காது. அயூமியும் இங்குள்ள மழலையர் பள்ளிக்குப் பழகிவிட்டாள். அங்கே ஒரு தோழி கிடைத்திருக்கிறாள்.

இந்த வாரம்தான் இங்கே முதல் தடவையாகப் பலமாக விழுந்தது. அக்கா மாடிப் படியில் ஏறி வந்து, "உங்க ஊரு சரக்கு வந்து சேந்துடுச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்க" என்றாள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். சரியான புழுக்கம்.

பழத்தை மியாவாகி அண்ணன் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். வீணாக வேண்டாம்.

அயூமி நலம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறேன்.

சயோகோ


உஷிநே
1985 ஜூலை 25

சயோகோவுக்கு,

டி.வி.யில் உங்கள் நகரத்தைக் காட்டினார்கள். நண்பகலில் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்கின்றன. தண்டவாளத்தில் சாம்பல் படிந்து ரயில்வே கேட் இறங்க மறுக்கிறதாம். மின்கம்பத்தில் ஈரச் சாம்பல் ஒட்டி, பொறி பறந்து, இரண்டு வட்டாரத்தில் மின்சாரம் இல்லையாம். ஒரு பள்ளியின் நீச்சல்குளத்தைக் காட்டினார்கள். சிமென்ட் குழம்பு மாதிரி இருந்தது.

இங்கே வானம் நீலமாக இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு நீலம்.

எனக்கு ஒன்று புரியவில்லை. சாம்பலுக்குப் பயந்துதான் நீங்கள் அங்கே போனீர்கள். இப்போது சாம்பல் உங்கள் தலைமேல் விழுகிறது. எங்கள் பக்கம் ஒரு துளி இல்லை. இருந்தும் அங்கேயே இருக்கிறீர்கள். குழந்தைக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. நலம் என்று ஒரு சொல் மட்டும் எழுதுகிறாய்.

மியாவாகி அண்ணி உங்களைப் பற்றிக் கேட்டார். "வருவாங்க" என்றேன். "எப்ப?" என்றார். காற்றைக் காரணம் சொல்லலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். பிறகுதான் இப்போது அதைச் சொல்ல முடியாது என்று தோன்றியது.

இறந்தவர்கள் வீடு திரும்பும் ஓபோனுக்காவது வந்துவிடுங்கள். அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வரும்போது விளக்கு ஏற்ற ஆள் வேண்டும்.

இன்று காற்று: உங்கள் பக்கம்.

தெட்சுரோ


ககோஷிமா
1985 ஆகஸ்ட் 5

தெட்சுரோவுக்கு,

ஓபோனுக்கு வர முடியாது. அத்தைக்கும் மாமாவுக்கும் என் சார்பில் ஊதுபத்தி ஏற்றுங்கள். அத்தைக்குப் பிடித்த அந்த இனிப்பு உருண்டையைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். படத்துக்கு முன் வையுங்கள்.

அயூமி நலம். உண்மையாகவே நலம்.

அதற்கு மேல் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

சயோகோ


உஷிநே
1985 ஆகஸ்ட் 17

சயோகோவுக்கு,

ஓபோன் முடிந்தது. விளக்கு ஏற்றினேன். உருண்டையை வைத்தேன். இறந்தவர்களை வழியனுப்பவும் நான் மட்டும்தான் கடற்கரைக்குப் போனேன். மற்ற வீடுகளிலிருந்தெல்லாம் கூட்டமாக வந்திருந்தார்கள்.

அங்கே எல்லோர் முன்னாலும் மியாவாகி அண்ணன் குடித்துவிட்டுக் கேட்டார்: "என்னடா தெட்சுரோ, செத்தவங்க எல்லாம் கூப்பிட்ட ஒடனே வந்துட்டாங்க. உசுரோட இருக்கறவ எங்கடா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். காலையில் அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்டார். கோபம் இல்லை. அவர் கேட்டது சரியான கேள்விதான்.

நீ திரும்பி வரப் போவதில்லை என்றால் அதை எழுதிவிடு. வருவதாக இருந்தால், ஏன் வரவில்லை என்று எழுது. கிழித்த தாள்களில் என்ன எழுதியிருந்தாய்?

இன்று காற்று: உங்கள் பக்கம். நேற்றும் அப்படித்தான்.

தெட்சுரோ


ககோஷிமா
1985 ஆகஸ்ட் 26

தெட்சுரோவுக்கு,

நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் இங்கே பலமாக விழுந்த அன்று, மருந்தையும் ஈரத் துணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அயூமி அருகே உட்கார்ந்திருந்தேன். இருமல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று. வரவில்லை. நீங்கள் டி.வி.யில் பார்த்த அந்த நாளிலும் வரவில்லை. நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலைச் சாத்தினோம், தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம், வெளியே போனால் மூக்கை மூடிக்கொண்டோம். நூலகத்தில் தினமும் காலையில் புத்தகங்களின் மேல்விளிம்பை நான் தூரிகையால் தட்டுகிறேன், ஒவ்வொன்றிலும் சாம்பல். அவ்வளவு விழுந்தும் அவள் மூச்சு சீராக இருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது.

அப்படியென்றால் உஷிநேயில் அவளை இருமவைத்தது எது?

உங்கள் கொட்டகை என்று நினைக்கிறேன். மீனின் ஈரத்தைக் குடித்த சாம்பலைக் கழுவுகிறீர்கள், முற்றத்தில் பரப்பிக் காயவைக்கிறீர்கள், காய்ந்ததும் சலிக்கிறீர்கள். சலிக்கச் சலிக்க அது மாவுபோல் ஆகிறது. வானத்திலிருந்து விழுவது கனமானது, கூரையில் சத்தம் போடுகிறது, வருவது தெரிகிறது. இது சத்தம் போடாமல் ஜன்னல் வழியாக வருகிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நம் வீட்டுக்குள்தான் விழுந்தது. போன ஆண்டு ஆகஸ்டில், இப்போது நீங்கள் எழுதுகிறீர்களே அந்த நீல வானத்தின் கீழும், அவள் இருமினாள். நினைவிருக்கிறதா? "எல்லாம் மலையோட வேலை" என்றீர்கள். நானும் ஆமாம் என்றேன். நம் ஊரில் குழந்தை இருமினாலும், கடிகாரம் நின்றாலும், விருந்தாளி வராமல் போனாலும் மலையைச் சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்பீர்கள். சொன்னால், அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று கேட்டதாக ஆகும். கடலில் வைத்திருந்த மீன் வளர்ப்புக் கூண்டுகள் கைவிட்டுப் போன பிறகு உங்கள் முகம் தெளிந்து நான் பார்த்தது, சாம்பல் பெட்டியின் துணியைத் தூக்கி மீனைப் பார்க்கும்போதுதான். அதை எப்படிக் கேட்பேன்?

இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் ஒவ்வொரு தாளிலும் எழுதிக் கிழித்தேன்.

ஜனவரியில், அயூமியின் உதடு நீலமானபோது, அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்று "என்னங்க! என்னங்க!" என்று கத்தினேன். உங்கள் வாயில் முகமூடி, காதைச் சுற்றித் துண்டு, கையில் சல்லடை. முதுகைக் காட்டி நின்றீர்கள். திரும்பவில்லை. மியாவாகி அண்ணன் சத்தம் கேட்டு வண்டியோடு வந்தார். உங்களுக்குக் கேட்டிருக்காது என்று தெரியும். அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதற்கு முன் இரண்டு குளிர்காலமாக, சல்லடை ஓடாத நேரத்திலும் உங்களுக்குக் கேட்கவில்லை. தட்டைக் கொட்டகைக்கு வாங்கிக்கொண்டு போய் நின்றபடியே சாப்பிட்டீர்கள். அயூமி தூங்கிய பிறகு நான் ஒரு புத்தகத்தை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். எவ்வளவோ படித்தேன். இப்போது ஒன்றும் நினைவில்லை.

அத்தான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன் என்று எழுதியிருந்தேன். சிரித்தேன்தான். பிறகு மாடிக்கு வந்துவிட்டேன். ஒரு துணிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, ஒரு பொட்டுகூட என் மேல் ஒட்டாமல், என் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டது எதுவென்று யோசித்தேன். நீங்கள் கெட்டவர் இல்லை. அதுதான் யாரிடமும் சொல்ல முடியாமல் போயிற்று.

சயோகோ


உஷிநே
1985 செப்டம்பர் 18

சயோகோவுக்கு,

கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. உடனே எழுதியிருந்தால் தப்பாக எழுதியிருப்பேன்.

முதல் நாள், பொய் என்று நினைத்தேன். அடுத்த நாள் அயூமியின் அறையில் அவளுடைய வெள்ளைத் தட்டைக் கழுவித் துடைத்து வைத்தேன். வானம் சுத்தமாக இருந்தது. காற்று உங்கள் பக்கம். வழக்கம்போலக் காயவைத்தேன், சலித்தேன். வேலை முடிந்து போய் அந்தத் தட்டில் விரலால் இழுத்தேன். கோடு விழுந்தது.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது வெளியே வெளிச்சம் போயிருந்தது.

துறைக்கோடியில் பூட்டிக் கிடந்ததே பழைய ஐஸ் கொட்டகை, அதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். வீடுகளை விட்டுத் தள்ளி, கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது. சாம்பல், சல்லடை, பெட்டி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்விட்டேன். மியாவாகி அண்ணன் வண்டி கொடுத்தார். "பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா ஊருல அவனவன் போயிக் கூட்டிக்கிட்டு வருவான். நீ என்னடான்னா சாம்பலைத் தனிக்குடித்தனம் வைக்கிற!" என்றார். ஆனால் கடைசி மூட்டை வரை கூடவே ஏற்றினார்.

வீட்டைத் துடைக்கவில்லை. துடைத்தால் சாம்பல் கீறும். கூரையிலிருந்து ஆரம்பித்துத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பரணில் இருந்தெல்லாம் வந்தது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கில், உன் புத்தக அலமாரியின் பின்னால். நீ புத்தகங்களுக்குத் துணி போட்டு மூடி வைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். எப்போதிலிருந்து மூடியிருந்தாய்?

அதன் பிறகு தட்டை மறுபடியும் வைத்தேன். கோடு விழவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீ எழுதியது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குப் பேச வராது. இந்த வருடம் கடிதத்தில் எழுதிய அளவு உன்னிடம் வாயால் பேசியிருக்கிறேனா என்றால், இல்லை. இப்போது வீட்டுக்குள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எதிரே யாரும் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவது, நின்றுகொண்டு சாப்பிடுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. உனக்கு அது

இதற்கு மேல் எழுத வரவில்லை.

காற்று திரும்ப இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அதற்குள் வந்துவிடுங்கள்.

இன்று காற்று: உங்கள் பக்கம்தான். ஆனால் லேசாக.

தெட்சுரோ


ககோஷிமா
1985 அக்டோபர் 7

தெட்சுரோவுக்கு,

இன்று காலை ஜன்னலைத் திறந்தேன். புகை உங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. இங்கே தெருவில் துணி காய்கிறது. காற்று திரும்பிவிட்டது. நீங்கள் கொடுத்த நாட்களை நான் கடத்திவிட்டேன். மறந்துபோய் அல்ல.

தினமும் கிளம்பலாம் என்று நினைத்தேன். நினைக்கும்போதே, வானம் சுத்தமாக இருக்கிறது, வீடு சுத்தமாக இருக்கிறது, அதனால் போகிறேன் என்று மனம் கணக்குப் போட்டது. போனதும் மலையின் பேரால், வருவதும் மலையின் பேரால், எல்லாமே அயூமிக்காக. அப்படி வந்தால், நாம் இருவரும் மறுபடியும் அந்த மேசைக்கு வரவே மாட்டோம்.

அயூமியை இந்தக் குளிர்காலம் கூட்டி வர மாட்டேன். வசந்தம் கழிந்து காற்று திரும்பட்டும். தட்டில் அப்போதும் கோடு விழாவிட்டால் அவள் வருவாள். அது அவள் விஷயம். நீங்கள் கொட்டகையை மாற்றியதை அவளிடம் சொன்னேன். "அப்பா மேல கொட்டாதேன்னு மலைகிட்ட சொல்லும்மா" என்றாள். இப்போது மலை அவளுக்கு முதுகைக் காட்டுகிறது அல்லவா, அதனால் சொன்னால் கேட்காது என்றும் அவளே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் வருகிறேன். காலைப் படகு, பிறகு மலை இருக்கும் தீவைச் சுற்றி வரும் பேருந்து. மதியச் சாப்பாட்டுக்கு இருப்பேன். சாம்பல் விழும் என்று வானிலையில் சொன்னார்கள். விழட்டும். இந்தத் தடவை வராமலிருக்க எல்லாக் காரணமும் இருக்கிறது. வருவதற்கு ஒன்றுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து, இருவருக்கும் ஒன்றும் பேச வராமல் போனால்? அப்படியானால் மாலைப் படகில் திரும்பிவிடுவேன், பிறகு நாம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

புத்தகங்களுக்குத் துணி போட்டது கல்யாணமான முதல் குளிர்காலத்தில்.

சயோகோ


உஷிநே
1985 அக்டோபர் 10

சயோகோவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன்.

குடை ஒன்று எடுத்து வருவதா, இரண்டு எடுத்து வருவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மியாவாகி அண்ணனிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போடா மடையா" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். ஒன்றுதான் எடுத்து வருகிறேன். கொஞ்சம் பெரியது.

ஞாயிறு காலை மீன்பிடிப் படகு கரைக்கு வந்ததும் மீன் வாங்குவேன். உலர்த்த மாட்டேன். ஈரத்தோடேயே கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். எனக்கு அவ்வளவு நன்றாகச் செய்ய வராது.

பேசுவதற்கு இரண்டு விஷயம் யோசித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

இன்று காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

தெட்சுரோ